கல்லீரல் அறுவைக்கு ரோபோ: கருவிக்கு முன் அணி தயாராகட்டும்

கல்லீரல் அறுவைச் சிகிச்சைக்கு ரோபோவைக் கொண்டுவரும் மருத்துவமனைகளை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் திறப்பு விழாவில் கருவியை மட்டும் காட்டினால் போதாது. அதைச் சுற்றி நிற்கப்போகும் அணியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

ரோபோ தானாக எதையும் வெட்டாது. சற்றுத் தள்ளி, இயக்குமேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவரின் கையசைவையே அது பின்பற்றுகிறது. டாவின்சி என்ற அறுவை ரோபோவுக்கு அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்தது. ப்ராஸ்டேட் சுரப்பி அறுவையில் விரைவாகப் பரவிய அது, கல்லீரலுக்குத் தயங்கித் தயங்கித்தான் வந்தது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் பாயும் உறுப்பு கல்லீரல். கை தவறினால் சில நொடிகளில் காட்சி முழுவதும் ரத்தத்தில் மறைந்துவிடும்.

நன்மைகள் உண்மையானவை. கல்லீரலின் எட்டுப் பிரிவுகளில் 7, 8 ஆகியவை உதரவிதானத்தின் அடியில் ஒளிந்திருப்பவை. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியின் நேரான கருவிகள் அங்கே திணறும். மணிக்கட்டைப் போல வளையும் ரோபோவின் நுனி எளிதாகத் திரும்பும். பித்தநாளத்தைத் தைக்கும்போதும் இந்த வளைவு பெரிய வரம். இண்டோசயனின் கிரீன் சாயம் செலுத்தினால், எந்தப் பகுதிவரை வெட்டலாம் என்ற எல்லை திரையில் பச்சையாக ஒளிரும்.

குறைகளும் உண்டு. திசுவின் இறுக்கத்தை விரலால் உணர முடியாது. கல்லீரல் திசுவை உறிஞ்சி நாளங்களை மட்டும் விட்டுவைக்கும் அல்ட்ராசோனிக் கருவியை ரோபோக் கரத்தில் பொதுவாகப் பொருத்த முடிவதில்லை.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. திடீரென ரத்தம் பீறிட்டால், தலைமை மருத்துவர் நோயாளியின் அருகில் இருக்க மாட்டார். கையுறை அணிந்து வயிற்றைத் திறக்க அவருக்குச் சில நிமிடங்களாவது வேண்டும். அதுவரை ரத்தத்தை அழுத்திப் பிடிப்பவர் படுக்கையருகே நிற்கும் உதவி மருத்துவர். ரோபோவின் கரங்களைக் கழற்றி விலக்குவோர் செவிலியர்கள். இவர்கள் அந்தக் கணத்தை முன்கூட்டியே பலமுறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். மயக்கவியல் மருத்துவரும் அந்த ஒத்திகையில் இருந்தே ஆக வேண்டும்.

தொடக்கத்தில் இடது ஓரத்திலோ முன்பக்கத்திலோ உள்ள சிறிய கட்டிகளை மட்டும் எடுங்கள். கல்லீரலின் ஒரு பகுதியைத் தானமாகத் தரும் உயிருள்ள கொடையாளர் அறுவையில் தொடங்கவே கூடாது. நோயே இல்லாத ஒருவரின் உடல் அது. பாதியில், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்கு மாறுவதைத் தோல்வியாக எண்ணும் அரங்கில், மாற வேண்டிய நேரத்தில் மருத்துவர் தயங்குவார். அந்தத் தயக்கம் உயிரைப் பறிக்கும். எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை முறை திறக்க நேர்ந்தது என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லுங்கள்.