எண்ணிக்கையும் எண்ணமும்

நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: நாட்டின் பாதுகாப்புக்குச் சமூக அறிவியல், அதாவது மனிதர்களையும் சமூகங்களையும் பற்றிய படிப்பு, உதவுமா என்பதே பேச்சு. "எதிரியிடம் எத்தனை ஏவுகணை இருக்கிறது என்று சொல்லுங்கள், அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்ற ஆராய்ச்சி கல்லூரியோடு நிற்கட்டும்" என்று, உதவாது என்ற கட்சியில் பேசிய பெரியவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. அடுத்துப் பேச வேண்டியவன் என்பதால் நானும் சிரித்து வைத்தேன்.

தடுப்பாற்றல், அதாவது திருப்பி அடிப்போம் என்ற அச்சத்தாலேயே எதிரியைத் தாக்கவிடாமல் நிறுத்துவது, வேலை செய்வது ஏவுதளத்தில் அல்ல, எதிரியின் மனத்தில். அடித்தால் திருப்பி அடிப்பார்கள் என்று அவன் நம்பாதவரை நம் ஆயுதம் வெறும் இரும்பு. அவன் எதற்கு அஞ்சுகிறான், யார் முன்னால் தலைகுனிய மாட்டான் என்பதையெல்லாம் எண்ணிச் சொல்ல முடியாது. அவனுடைய வரலாற்றையும் அரசியலையும் படித்துத்தான் அறிய வேண்டும்.

எண்ணினால் போதும் என்பவர்கள் சோவியத் உளவுத்துறை 1981-இல் தொடங்கிய ரியான் திட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். மேற்கு நாடுகள் அணுத்தாக்குதலுக்கு ஆயத்தமாகின்றனவா என்றறிய, அரசு அலுவலகங்களில் இரவில் எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று ஒற்றர்களைக் கவனிக்கச் சொன்னார்கள். பெருக்கித் துடைக்க வந்தவர் போட்ட விளக்கும் போருக்கான அறிகுறிதான் போலும்!

"1962-இல், கியூபா ஏவுகணை நெருக்கடியில், உங்கள் அறிஞர்கள் கிழித்தது என்ன?" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைக்க வாய்ப்பு குறைவு என்று அமெரிக்க உளவுத்துறை செப்டம்பர் 19 அன்று மதிப்பிட்டது. அடுத்த மாதமே அவை உளவு விமானம் எடுத்த படத்தில் சிக்கின. ஆனால், தாங்கள் செய்யத் துணியாததைச் சோவியத் தலைவர் குருஷ்சேவும் செய்யமாட்டார் என்று நினைத்தது சமூக அறிவியலா? அது இல்லாததன் விளைவு. உளவுத்துறைத் தலைவர் மக்கோன் மட்டும் சரியாக ஊகித்தாரே என்பீர்கள்; ஊகித்தார், இருக்கட்டும்.

அதே நெருக்கடியில், குருஷ்சேவை நேரில் பழகி அறிந்த அமெரிக்கத் தூதர் லுவெலின் தாம்சன், "கியூபாவைக் காப்பாற்றினேன்" என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்தால் குருஷ்சேவ் பின்வாங்கக்கூடும் என்று அக்டோபர் 27 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியிடம் எடுத்துச் சொன்னார். எந்தக் கணக்கில் வரும் இது?

இளம் வயதில் ஓர் அலுவலகத்துக்காக ஒரு தலைவரின் பத்தாண்டுப் பேச்சுகளை வரிவரியாகப் படித்து அறிக்கை எழுதினேன். ஓரத்தில் பென்சிலால் "கதை நன்று" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அட்டவணை சேர்த்திருந்தால் படித்திருப்பார்களோ என்னவோ. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நேற்று எனக்கு மிஞ்சியவை இரண்டு நிமிடங்கள். அதில் ஒன்றைப் பெரியவருக்கு நன்றி சொல்வதிலேயே செலவிட்டேன்.