கொலையாளி பெயரையுமா எழுதுவது?

பட விமர்சனம் என்று படிக்க உட்கார்ந்தால் முக்கால்வாசி கதைதான். அதுவும் க்ளைமாக்ஸ் வரை! 'அந்த நாள்' (1954) படத்துக்கு எவ்வளவு கதை சொல்ல வேண்டும்? 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயம், ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறார். மனைவி உட்பட ஐந்து பேர் மேல் சந்தேகம். ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார்கள். போதும், நிறுத்துங்கள். கொலையாளியைச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு வாக்குமூலத்தையும் எடைபோடும் வேலையே பார்ப்பவருக்கு இல்லாமல் போகிறது. படமே அதில்தானே நிற்கிறது! முடிவை அலசியே ஆகவேண்டுமென்றால் 'முடிவு தெரிந்துவிடும்' என்ற எச்சரிக்கையை அந்தப் பத்திக்கு முன்னால் போடுங்கள். 'அப்புறம், அப்புறம்' என்று காட்சி வரிசையில் ஒப்பிப்பது இன்னும் கொடுமை; எதனால் எது நடந்தது என்பதே அதில் காணாமல் போய்விடுகிறது.