கார்டு போச்சு, காசு எங்கே?

கச்சேரி ரத்து. சரி, பாடகருக்கும் தொண்டை கட்டும். ஆனால் "பணம் செலுத்திய அதே கார்டுக்குத்தான் திருப்பி அனுப்புவோம்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது. அந்தக் கார்டை வங்கி முடக்கி மாதக்கணக்காகிறது. எவனோ அதை வைத்து எங்கோ செருப்பு வாங்கப் பார்த்தானாம்.

டிக்கெட் விற்றவரைக் கேட்டால் "அனுப்பிவிட்டோம், வங்கியைக் கேளுங்கள்." வங்கியோ "எதுவும் வரவில்லை, அவர்களையே கேளுங்கள்" என்கிறது.

விதி புரியாமல் இல்லை. ஒரு கார்டில் வாங்கி இன்னொன்றில் திருப்பித் தந்தால் கறுப்புப் பணக்காரனுக்குக் கொண்டாட்டம். கார்டு எண் மாறினாலும் கணக்கு அதே வங்கியில் இருந்தால் பெரும்பாலும் பணம் வந்து சேர்ந்துவிடும். கணக்கையே மூடியவர் பாடுதான் திண்டாட்டம். எப்படியானாலும் கேட்க வேண்டியது ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணை. அதை வைத்துத்தான் பணம் எங்கே கிடக்கிறது என்று வங்கி தேட முடியும். அதைத்தான் டிக்கெட் விற்றவரிடம் கேட்டேன். என் ஆர்டர் எண்ணையே எனக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், மகராசன்கள்!

"தம்பி, பேநவ்வில் போட்டுவிடேன்பா" என்றேன். "சிஸ்டத்தில் அதற்கு வழி இல்லைக்கா." கைப்பேசி எண்ணுக்கே உடனே பணம் அனுப்பும் இந்தப் பேநவ் 2017லிருந்து சிங்கப்பூரில் இருக்கிறது. தேக்கா சந்தையில் கீரை வாங்கினால்கூட கைப்பேசியைத் தட்டியதும் காசு போய்விடுகிறது. இவர்கள் சிஸ்டத்துக்கு மட்டும் எட்டவில்லையாம்.

இதில் முன்பதிவுக் கட்டணம் வேறு திரும்ப வராதாம். அதற்குக் கார்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன!