பெரிய வீட்டுக்குச் சின்ன நாய்

காரைக்குடிப் பக்கம் நாய் வாங்கியிருக்கிறோம் என்று சொன்னால் முதல் கேள்வி, "நல்லாக் குரைக்குமா?" அடுத்த கேள்வி, "ராஜபாளையமா, கோம்பையா?" மடியில் அடங்கும் சடைமுடி நாயான ஷிட்சு என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். எங்கள் தெருவுக்கு முதல் ஷிட்சு வந்தபோது ஒரு பெரியவர், "மிதியடிக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு, இதுக்கு ஒரு காவல் வேற போடணும்" என்றார். தெருவே சிரித்தது. நானும்தான்.

ஆனால் இங்கே எத்தனை வீட்டுக்குக் காவல் நாய் தேவைப்படுகிறது? இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை நீளும் வீட்டில் வயதான ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா. முகப்பில் கேமரா மாட்டியாகிவிட்டது, இரும்புக் கதவும் போட்டாகிவிட்டது. பேச்சுக்குத்தான் ஆள் இல்லை. எழுபது தாண்டிய ஆச்சியிடம் ராஜபாளையத்தின் சங்கிலியைக் கொடுத்தால் யார் யாரைக் கூட்டிப்போவது? அது வேட்டை நாய், ஓடித் தீர்க்க வேண்டிய உடம்பு.

ஷிட்சுவுக்கு அந்த மாதிரி வேலை எதுவும் கிடையாது. திபெத்தில் வேர், சீன அரண்மனையில் வளர்ப்பு. மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம். எடை பெரும்பாலும் 4 முதல் 7 கிலோ. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1969இல் இதை டாய் பிரிவில், அதாவது சின்ன உடம்பு நாய்களின் பிரிவில் சேர்த்தது. டாய் என்றதும் நம் ஆட்கள் பொம்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் வினையே.

அந்த முதல் ஷிட்சு எதிர் வீட்டு ஆச்சியுடையது. பெயர் சீனி. ஆச்சி வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தை ஒட்டி உட்கார்ந்தால் அதுவும் வளவில். இரண்டாங்கட்டுக்குப் போனால் பின்னாலேயே நகச் சத்தம். மதியத்தில் ஆத்தங்குடிக் கல்லில் பின்னங்கால் இரண்டையும் நீட்டி, வயிறு முழுக்கத் தரையில் படும்படி படுத்திருக்கும். வெயில் நகர நகர இடத்தை மாற்றிக்கொள்ளும். ஆச்சி, "ஏண்டி, பால்காரன் வந்தானா பாத்தியா?" என்பார். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். உரையாடல் அவ்வளவுதான். ஆச்சிக்கு அது போதுமாக இருக்கிறது.

அந்தக் கல் தரையும் உயரமான கூரையும் சும்மா அழகுக்கு இல்லை, இந்த நாய்க்கு உயிர். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். ஷிட்சுவுக்கோ தட்டை மூக்கு, நெருக்கடியான மூச்சுப் பாதை, மேலே இரண்டு அடுக்கு முடி. நாயின் இயல்பான சூடு 39 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும், 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. கத்திரி வெயிலில் நடை என்றால் விடிந்ததும் விடியாததுமாக முடித்துவிட வேண்டும். எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடம்பை நனைத்து மின்விசிறிக்கு அடியில் விட்டு, உடனே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாத இனங்களில் பக் இருந்தது. ஷிட்சுவுக்கும் அதே தட்டை மூக்குதான்.

வெயிலைவிட எனக்கு அதிகப் பயம் நம் அடுப்படிமேல். சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு செட்டிநாட்டில் ஏது? இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேக வைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. "ஒரு வாய்தானே, பாவம் பாக்குது" என்று குழம்புச் சோற்றை உருட்டி வைப்பவர்களிடம்தான் நான் சண்டை போடுகிறேன். ஐந்து கிலோ நாய்க்கு ஒரு வாய் சின்னக் கணக்கில்லை. பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆச்சி கோழியில் மசாலா தடவுமுன் இரண்டு துண்டு தனியாக எடுத்து, உப்புக்கூடப் போடாமல் வேகவைத்து, எலும்பை நீக்கிப் பிய்த்துப் போடுகிறார். அது போதும். விருந்தாளிகள் வந்தால் சீனியை அடுப்படிப் பக்கம் விடுவதில்லை, நல்ல பழக்கம்.

முடி விஷயம் சுருக்கமாக. தினம் சீவ வேண்டும், இல்லையென்றால் காதுக்குப் பின்னால் சடை பிடித்து, அதற்குள் உண்ணி குடியேறும். முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள், போட்டோவுக்காக வளர்க்காதீர்கள். கண் துருத்திக்கொண்டிருக்கும் இனம். கருவிழி வெண்மையாக மங்கினாலோ ஓயாமல் சிமிட்டினாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

விற்பவர்கள் பற்றி ஒன்று. "டீகப் சைஸ்" என்று தனி விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அப்படி ஓர் இனமே கிடையாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியே இருக்கிறது. கண் திறந்ததும் திறக்காததுமான குட்டியைக் கூடையில் வைத்து நீட்டுபவரிடம் இதைச் சொன்னால் முறைப்பார். முறைக்கட்டும்.

இப்போது பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் குட்டி அனுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வாங்குமுன் அம்மாவைக் கேளுங்கள். குனிந்து தூக்க முடியுமா, காலில் இடறி விழுந்துவிடுவாரா என்று பாருங்கள். இந்த நாய் பத்து வருடம் தாண்டி வாழும், பதினைந்தைத் தொட்டவையும் உண்டு. எழுபத்தைந்து வயதில் வாங்கிக் கொடுத்தால், அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் பார்ப்பது? சிங்கப்பூருக்கு மூன்று மாதம் கூட்டிப்போனால்? எதிர் வீட்டு ஆச்சி வேலைக்கு வரும் அக்காவின் மகளுக்கு முன்கூட்டியே எல்லாம் பழக்கி வைத்திருக்கிறார், சீனி அங்கேயும் போய்ப் படுக்கும்.

"குட்டி எங்க கிடைக்கும்?" என்று இன்பாக்ஸில் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பதும், உங்களுக்கு முடியாதபோது யார் பார்ப்பது என்பதைத்தான். பாதிப் பேர் அதற்கப்புறம் பதில் போடுவதில்லை.