எஞ்சினைக் கடைசியில் தொடுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் வைத்துச் சீரமைப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு, ஆலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே எல்லாம் இருக்க வேண்டும். ஒரு கிளிப் மாறினாலும் முகம் சுளிப்பார்கள். இன்னொரு கட்சி, வண்டியை வாங்கிய மறுநாளே பெரிய எஞ்சின் தேடக் கிளம்பிவிடும். நான் இரண்டிலும் சேரவில்லை. வண்டியை மாற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பின் சக்கரத்தில் ஆரம்பித்து, எஞ்சினில் கடைசியாகக் கை வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் வசிக்கும் என்னிடம் இருப்பது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, அதாவது அந்தக் காரின் மூன்றாவது பதிப்பு. 1296 சிசி எஞ்சின், ஆலைக் கணக்குப்படி 75 குதிரைத்திறன். ஸ்பிட்ஃபயர் என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கவெண்ட்ரியில் கட்டிய, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னத் திறந்த கார். நம்மூரில் இதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் இதன் அண்ணனைத் தெரியாத பழைய சென்னைக்காரர் இருக்க முடியாது. 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் மெட்ராஸில் கட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்தான் அது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. ஹெரால்டின் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, குறுக்கி மாற்றியமைத்துத்தான் ஸ்பிட்ஃபயரை உண்டாக்கினார்கள். பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து, எஞ்சின் முழுசாக வெளியே தெரியுமே, ஹெரால்டில் பார்த்திருப்பீர்கள். ஸ்பிட்ஃபயரிலும் அதேதான். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வீட்டில் ரிப்பேர் செய்ய இதைவிட வசதியான வண்டியை நான் பார்த்ததில்லை.

அந்த வசதிக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. மற்ற கம்பெனிகள் எல்லாம் பாடியும் சேஸும் ஒன்றான கட்டுமானத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். இந்த வண்டிகளின் தாய்க் கம்பெனியான ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃபுக்கு பாடி செய்துகொடுத்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. அதனால் தனி சேஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்யவைத்து, போல்ட் போட்டு ஒன்றுசேர்த்தார்கள். பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கேயே பூட்டுவதற்கும் இது தோதாக இருந்தது. மெட்ராஸ் வரை ஹெரால்ட் வந்தது அப்படித்தான்.

இப்போது பின் சக்கரத்துக்கு வருகிறேன். ஸ்பிட்ஃபயரில், எஞ்சின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸோடு அசையாமல் பூட்டியிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் போகும் ஆக்ஸிலுக்கு உள்பக்கம் ஒரே ஒரு ஜாயின்ட்தான். அந்த ஆக்ஸிலே சஸ்பென்ஷன் கையாகவும் வேலை செய்கிறது. டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். இதை ஸ்விங் ஆக்ஸில் என்பார்கள். விலை குறைவு, எடை குறைவு, மேடு பள்ளத்தில் சுகம். ஆனால் வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பும். உடனே வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்க ஆரம்பிக்கும். டயரின் ஓரம் மட்டும்தான் ரோட்டில் இருக்கும், பிடிப்பு ஒரே நொடியில் போய்விடும். மழையில் நனைந்த ரோட்டில் இதற்கு முன்னறிவிப்பே கிடையாது.

இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. ஆலைக்கே தெரியும். அதே வண்டியில் 2 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் போட்டுக் கூரையும் வைத்து 1966-ல் ஜிடி6 என்று விற்றார்கள். பவர் கூடியது, பின்பக்கம் பழையபடியே இருந்தது. பத்திரிகைகள் கடுமையாக விமர்சித்தன. 1968-ல் பின் சஸ்பென்ஷனையே மாற்றி வடிவமைத்து மார்க் 2 கொண்டுவர வேண்டியதாயிற்று. ஸ்பிட்ஃபயருக்கு விடிவு 1970-ன் கடைசியில் வந்த மார்க் 4-ல். ஸ்பிரிங்கின் பட்டைகளில் ஒன்றை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றவற்றை நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆட விட்டார்கள். வண்டி சாயும்போது பின்பக்க விறைப்பு குறைந்து சக்கரம் மடங்குவது அடங்கியது. குறைந்த விறைப்பை ஈடுகட்ட முன்பக்கம் தடிமனான ஆன்ட்டி ரோல் பார், அதாவது வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி, போட்டார்கள். 1973-ல் பின் சக்கரங்களின் இடைவெளியையும் அகலமாக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி மெட்ராஸில்தான் இருக்கிறது. 1972-ல் ஹெரால்டுக்கு அடுத்து ஸ்டாண்டர்ட் கெசல் வந்தபோது ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு, ஒரே துண்டான சாதாரண பின் ஆக்ஸிலைப் போட்டார்கள். நம்மூர் மெக்கானிக்குகளுக்கு அந்தப் பழைய அமைப்பின்மேல் நம்பிக்கை இல்லாமல் போனதும் ஒரு காரணம். கவெண்ட்ரியிலும் மெட்ராஸிலும் கட்டியவர்களே கை வைத்த இடம் அது. அதை இன்று நான் மாற்றினால் "அசல் கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எந்த வருடத்து அசல்? 1962-ஆ, 1970-ஆ? பட்ஜெட்டுக்குள் அடக்குவதற்காகச் செய்த ஒரு சமரசத்தை ஏன் கோயில் மூலவர் போல வைத்துப் பூஜிக்க வேண்டும்?

அதனால் என் மார்க் 3-ல் முதலில் செய்த மாற்றம் அந்த ஆடும் ஸ்பிரிங்கும் தடித்த முன் பாரும்தான். வெட்டவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. பழைய ஸ்பிரிங்கை எண்ணெய் தடவிச் சுற்றிவைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது திரும்பப் போட நினைத்தால் போட்டுக்கொள்ளலாம். மாற்றத்துக்கு நான் வைத்திருக்கும் ஒரே நிபந்தனை அதுதான்.

ஸ்பிரிங்குக்கும் முன்னால் துரு இருக்கிறது. தனி சேஸ் இருப்பதால் பாடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி இந்த வண்டியில் பாரம் தாங்குகிறது. உள் தகடு, நடுவில் பலத்துக்கு ஒரு தகடு, வெளித் தகடு என்று மூன்று அடுக்கு. என் வண்டிக்கு ஏற்கெனவே ஒரு பட்டறையில் காசு கொடுத்து சில் மாற்றியதாகச் சொல்லித்தான் விற்றார்கள். வெளித் தகட்டைப் பிரித்தால் உள்ளே நடுத் தகடே இல்லை. பட்டி பூசி, மேலே பளபளவென்று பெயின்ட். பின் சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் பாடியில் பூட்டும் இடமும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த இடம் இற்றுப்போனால் எந்த ஸ்பிரிங் போட்டும் பிரயோஜனம் இல்லை. இதை வீட்டில் செய்பவர்கள் பாடியைச் சேஸிலிருந்து கழற்றாமல், கதவுத் திறப்பில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்ட் செய்த பிறகே பழைய தகட்டை வெட்டுங்கள். கதவு இடைவெளியை வெட்டுவதற்கு முன்பே அளந்து குறித்துவையுங்கள். பாடி நடுவில் தொய்ந்துவிட்டால் கதவு மறுபடி சாத்தாது.

முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனையும் விடாதீர்கள். வெண்கலக் கட்டைக்குள் இரும்புத் தண்டு மரையோடு திரும்புகிறது. அதற்கு இபி 90 கியர் ஆயில் விடச் சொல்கிறது ஆலைக் கையேடு. பலர் கிரீஸ் அடித்துவிட்டுப் போகிறார்கள். கிரீஸ் மரை முழுக்கப் போகாது. தண்ணீர் தங்கி, துருப்பிடித்து, ஒருநாள் தண்டு முறிந்தால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். ஒரு டப்பா ஆயிலில் தீரும் விஷயம்.

எஞ்சினில் நான் இதுவரை செய்தது கொஞ்சம். தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், அது டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் மறைந்துவிடும். அப்புறம் பெட்ரோல் குழாய்கள். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கு அது ஆகாது, விரிசல் விட்டுக் கசியும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் சொட்டுவதை அசல் என்ற பெயரில் யாரும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2018 மே முதல் இங்கிலாந்தில் 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனை கட்டாயம் இல்லை. ஆனால் கடந்த 30 வருடங்களில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. அந்த ரக வண்டி உற்பத்தியில் இருந்த காலத்திலேயே செய்யப்பட்டுவந்த வகை மாற்றங்கள் பெரிய மாற்றமாகக் கருதப்படுவதில்லை. நியாயமான கோடு. சலுகை இருந்தும் நான் வருடாவருடம் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். நான் பூட்டிய போல்ட்டை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. வீட்டில் வேலை செய்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

ஜிடி6-ன் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா என்று நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஜிடி6-ல் எனக்கு வேண்டியது அதன் முன் பிரேக். டிஸ்க் பெரியது, அதை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் பெரியது, சக்கரத்தைத் தாங்கும் தண்டோடு சேர்த்து ஸ்பிட்ஃபயரில் போல்ட் போட்டே பூட்டலாம். இந்தக் குளிர்காலத்து வேலை அதுதான். பவரைப் பற்றி அதற்குப் பிறகு பேசுகிறேன்.