ஸ்லிப்பே இல்லாத புரொப்பெல்லர் கிடையாது

"12 சதவீதம் ஸ்லிப் என்றால் 12 சதவீதம் பெட்ரோல் வீண். பிட்ச் கூடிய புரொப்பெல்லர் மாட்டினால் ஸ்லிப் பூஜ்யமாகும்" என்றொரு தகவல் மோட்டார் படகு வைத்திருப்போரிடையே சுற்றுகிறது. இரண்டு பாதியுமே தவறு.

புரொப்பெல்லர் ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்தான் பிட்ச். அதை வைத்துக் கணக்கில் வரும் வேகத்துக்கும் படகு உண்மையில் ஓடும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்லிப். இன்ஜின் நிமிடத்துக்கு 5,400 சுற்று, கியர் விகிதம் 2:1, பிட்ச் 19 அங்குலம் என்றால் கணக்குப்படி மணிக்கு 78 கிலோமீட்டர். ஜிபிஎஸ் 69 காட்டினால் ஸ்லிப் சுமார் 12 சதவீதம். வேகப் படகுக்கு இது சகஜம். இறக்கை தண்ணீரைச் சற்றுக் கோணத்தில் சந்தித்தால்தான் உந்துவிசை பிறக்கும். அந்தக் கோணம்தான் கணக்கில் ஸ்லிப்பாகத் தெரிகிறது. அதை அப்படியே எரிபொருள் இழப்பாகப் படிக்க முடியாது. உங்கள் கணக்கில் பூஜ்யமோ மைனஸோ வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கியர் விகிதத்தைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள், அல்லது நீரோட்டத்தோடு ஓட்டியிருப்பீர்கள்.

பிட்சைக் கூட்டினால் அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை குறையும். மேட்டில் டாப் கியரில் வண்டி ஏற்றுவதுபோல் இன்ஜின் திணறும்.

ஸ்லிப் வழக்கத்தைவிட ஏறினால்தான் கவனிக்க வேண்டும். இறக்கை நுனி மடங்கியிருக்கிறதா, படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கிறதா, புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் ஹப் ரப்பர் வழுக்குகிறதா என்று பாருங்கள். அவுட்போர்டை (படகின் பின்புறம் மாட்டும் இன்ஜின்) அளவுக்கு மீறி உயர்த்தியிருந்தாலோ ட்ரிம் (அந்த இன்ஜினின் சாய்வு) அதிகமாக வெளியே இருந்தாலோ இறக்கை காற்றை இழுக்கும். சுற்று எகிறும், வேகம் வராது. புது புரொப்பெல்லருக்குச் செலவழிக்கும் முன் ட்ரிம்மைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் பாருங்கள்.