பொன்னாடைக்குப் பிறகுதான் கவிதையா?

மதுரையில் நடந்த இலக்கியத் திருவிழா ஒன்றில், மாலை 6 மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்த கவியரங்கம், வரவேற்புரை, வாழ்த்துரை, மேடையில் இருந்த ஒருவரையும் விடாமல் பொன்னாடை, நினைவுப்பரிசு, ஒவ்வொன்றுக்கும் புகைப்படம் என்று இழுத்தடிக்கப்பட்டு, இரவு 8 மணிக்கு மேல்தான் தொடங்கியது. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் தமிழ்ச் சங்கம் நிறுவிய ஊரில் கவிதைக்கு இதுதானா மரியாதை?

மேலூரிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, கையில் தாளே இல்லாமல், கண்மாய் வறண்டதைக் கணீரென்று பாடிக்கொண்டிருந்தபோது, ஒருங்கிணைப்பாளர் துண்டுச்சீட்டை நீட்டினார். அவளோ மீதி வரிகளை விழுங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அதற்குள் அவையில் பாதிப்பேர் மாட்டுத்தாவணிக்குப் பேருந்து பிடிக்கக் கிளம்பியிருந்தார்கள். பொன்னாடைகளைக் கடைசியில் போர்த்திக்கொள்ளட்டும். கவிதை கேட்க வந்தவர்களுக்கு முதலில் கவிதையைக் கொடுங்கள்.